காசும் கேஷும்

(தலைப்பு: தமிழில் கலந்த பிறமொழிச் சொற்கள் – வரவா? செலவா? முட்டுக்காட்டில் நடந்த பொங்கல் சிறப்புப் பட்டிமன்றத்தில், ‘வரவே’ அணித் தலைவர் ஆற்றிய நிறைவுரை)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! இவன் எப்போது முடிப்பான், நாம் எப்போது சாப்பிடப் போவோம் என்று காத்திருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) உப்பங்கழிக் காற்று இப்படி அடித்தும் இடத்தைவிட்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே, தம்பி தங்கைகளே!

இந்த மேடைக்கு வரும் வழியில் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் இளநீர் குடிக்க நின்றேன். ஒரு பெரியவர் சீவிக் கொடுத்தார். குடித்து முடித்துவிட்டு, இந்தக் காலத்து வழக்கப்படி செல்போனை எடுத்து, அங்கே ஒட்டி வைத்திருந்த கறுப்பு வெள்ளைக் கட்டத்துக்கு நேரே நீட்டினேன். “சிக்னல் கெடைக்காது சார், கேஷா குடுத்துடுங்க” என்றார். ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன். “ஐயையோ, இவ்ளோ பெரிய நோட்டுக்கு எங்கிட்ட சில்லறைக் காசு ஏது சார்?” என்றார்.

கவனித்தீர்களா? ஒரே மனிதர். முதல் பேச்சில் கேஷ், மறுபேச்சில் காசு. கேஷ் இங்கிலீஷ், காசு தமிழ். காதுக்கு இரண்டும் ஒன்றுபோலக் கேட்கிறது. இரண்டும் ஒன்றா? அக்கா தங்கையா? இல்லை, ஒரே சாடையில் இருக்கும் அடுத்த வீட்டுக்காரர்களா? இன்றைக்கு என் பேச்சு முழுக்க இந்த ஒரு கேள்விதான்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? “கேஷ் என்ற ஒரு சொல் உள்ளே வந்தது, காசு, பணம், ரொக்கம் எல்லாவற்றையும் தின்றுவிட்டது. ஆகவே அது செலவு” என்று முழங்கினார். அதற்குப் பதிலாக என் அணித் தம்பி எழுந்து என்ன சொன்னார்? “கேஷ் யார் வீட்டுப் பிள்ளை? நம் வீட்டுப் பிள்ளை! நம்முடைய காசுதான் கப்பலேறிப் போய், கோட்டு சூட்டு மாட்டிக்கொண்டு கேஷ் என்று திரும்பி வந்திருக்கிறது” என்றார். நீங்களும் கைதட்டினீர்கள். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் உள்ளுக்குள் எனக்கு உறுத்தியது.

நடுவர் அவர்களே, எந்த அணித் தலைவரும் செய்யக்கூடாத காரியத்தை இப்போது நான் செய்யப்போகிறேன். என் அணித் தம்பி சொன்னது தவறு. (எதிரணியில் பலத்த கைதட்டல்) தட்டுங்கள், தட்டுங்கள். முழுவதையும் கேட்டபிறகு தட்டுவீர்களா என்று பார்க்கிறேன்.

அந்தத் தம்பியின் மேல் குற்றமில்லை. அவர் அதை எங்கே கேட்டார் தெரியுமா? என்னிடம் கேட்டார். எட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பொங்கல் பட்டிமன்றத்தில், “இங்கிலீஷ்காரன் நம் காசையும் கொண்டுபோனான், காசு என்ற சொல்லையும் கொண்டுபோனான்” என்று நான்தான் முழங்கினேன். அப்படி ஒரு கைதட்டல்! அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அத்தனை சந்தோஷம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு கடிதம் வந்தது. இந்தக் கடற்கரையோரத்துக் குப்பம் ஒன்றிலிருந்து, பத்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் எழுதியிருந்தார். பேச்சுப் போட்டி ஒன்றில், நான் சொன்னதை அப்படியே சொல்லியிருக்கிறார். போட்டியின் நடுவர் கேட்டாராம்: “பிரெஞ்சில் கெஸ் என்று ஒரு சொல் இருக்கிறதே, அதற்கு என்னம்மா சொல்கிறாய்?” அந்தப் பிள்ளைக்குப் பதில் தெரியவில்லை. “டி.வி.யில பேராசிரியர் ஐயா சொன்னாங்க” என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அரங்கமே சிரித்துவிட்டது. பரிசும் போய்விட்டது.

கடிதத்தின் கடைசியில் எழுதியிருந்தார்: “பரிசு போனது பரவாயில்லை ஐயா. நான் சொன்னது சரியா, தப்பா? சரின்னா அவங்களுக்கு என்ன பதில் சொல்லணும்னு எழுதுங்க. தப்புன்னா தப்புன்னு எழுதுங்க. நான் இன்னொரு தடவை சொல்லாம இருப்பேன்.”

பெரியோர்களே, முனைவர் பட்டம் வாங்கியவன் நான். அந்தப் பட்டிமன்றத்துக்கு முந்தின நாள் ஓர் அகராதியை எடுத்துப் புரட்டியிருக்கலாமா இல்லையா? புரட்டவில்லை. யாரோ சொன்னதைக் கேட்டேன், இனித்தது, மேடையில் சொன்னேன். எனக்குக் கிடைத்தது கைதட்டல், அந்தப் பிள்ளைக்குக் கிடைத்தது சிரிப்பு. கடிதத்தை ஒரு புத்தகத்துக்குள் செருகி வைத்துவிட்டு, பத்து நாள் எதுவும் நடக்காததுபோல இருந்தேன். என் மனைவி கண்டுபிடித்துவிட்டார். “மேடையில மூணு நிமிஷத்துல சொல்லிட்டு வந்துட்டீங்க. தப்புன்னு ஒரு வரி எழுத உங்களுக்குப் பத்து நாள் போதலையா?” என்றார். நடுவர் அவர்களே, தீர்ப்பு சொல்ல என் வீட்டிலும் ஒரு நடுவர் உண்டு. அங்கே மேல்முறையீடு கிடையாது. (சிரிப்பு)

அதன் பிறகுதான் தேடினேன். பிரெஞ்சு கற்பிக்கும் நண்பர் ஒருவர், புதுச்சேரிக்காரர், கூட உட்கார்ந்து உதவினார். தேடத் தேட, நான் சொன்ன பொய்யைவிட உண்மை ஆயிரம் மடங்கு சுவையாக இருந்தது. அதைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் அந்தக் கெஸ். லத்தீன் மொழியில் காப்ஸா என்றால் பெட்டி. அது இத்தாலியில் காஸ்ஸா, பிரெஞ்சில் கெஸ். அங்கிருந்து 1590களில் இங்கிலாந்துக்குப் போய் ‘கேஷ்’ ஆயிற்று. அப்போது அதற்குப் பணப்பெட்டி என்ற பொருளும் இருந்தது. பிறகு பெட்டி என்ற பொருள் மறைந்து, உள்ளே இருக்கும் பணத்துக்கே அந்தப் பெயர் நின்றுவிட்டது. இது நமக்குப் புதிதா? “இன்னிக்கு கல்லா எவ்ளோப்பா?” என்று கடை முதலாளி கேட்கிறார். பெட்டியின் நீள அகலத்தையா கேட்கிறார்? உள்ளே விழுந்த பணத்தைக் கேட்கிறார். இருக்கும் இடத்தின் பெயர் உள்ளே இருப்பதற்கு ஆகி வந்தால் அதற்கு இடவாகுபெயர் என்று எட்டாம் வகுப்பில் படித்தோம். மறந்திருப்பீர்கள், பரவாயில்லை, நான் பரீட்சை வைக்கப் போவதில்லை.

அந்தப் பெட்டியின் பிள்ளைகள் இன்னும் பல பேர் நம் வீட்டில் இருக்கிறார்கள். பாட்டுக் கேட்டோமே கேசட், அது சின்னப் பெட்டி. காய்ச்சலுக்கு விழுங்குகிறோமே கேப்சூல், அது இன்னும் சின்னப் பெட்டி. சூட்கேஸில் வரும் கேஸ், துணிக்கான பெட்டி. எல்லாம் ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஆகவே அந்தப் போட்டியின் நடுவர் கேட்ட கேள்வி சரி. கடையில் நாம் கொடுக்கிற கேஷ், பிரெஞ்சுப் பெட்டியிலிருந்து வந்த கேஷ். நம் காசு இல்லை.

“அப்படியானால் நம் காசு?” என்று கேட்கிறீர்கள். இருங்கள், அந்தக் கதை இனிமேல்தான் ஆரம்பம்.

நம்முடைய காசு நாணயமாக மட்டும் இருந்ததில்லை. சங்க இலக்கியத்தில் காசு என்றால் அணிகலனில் கோக்கும் பொன்மணியும்தான். குறுந்தொகையின் 67ஆவது பாட்டில் அள்ளூர் நன்முல்லையார் ஒரு காட்சி காட்டுகிறார். கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைப் பிடித்திருக்கிறது. அது எப்படி இருக்கிறதாம்? பொற்கொல்லன் ஒருவன் புதிய நூலில் கோப்பதற்காக ஒரு பொற்காசை நக நுனியில் பிடித்திருப்பதுபோல இருக்கிறதாம். இன்றைக்கும் கல்யாண வீட்டில் நம் தாய்மார்கள் காசுமாலை அணிகிறார்களே, அந்தப் பழைய பொருள் கழுத்தில் இன்னமும் மின்னுகிறது.

யாப்பிலக்கணத்துக்கு வாருங்கள். வெண்பாவின் கடைசிச் சீருக்கு நான்கு வாய்பாடு: நாள், மலர், காசு, பிறப்பு. காசு இல்லாமல் வீடு நடக்காது என்பது நமக்குத் தெரியும். காசு இல்லாமல் வெண்பாவும் முடியாது என்பது புலவருக்குத் தெரியும். (சிரிப்பு, கைதட்டல்) தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் போங்கள். ராஜராஜ சோழன் காலத்துக் கல்வெட்டுகளில் காசு கடன் கொடுத்த கணக்கு இருக்கிறது. ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி. நூற்றுக்குப் பன்னிரண்டரை. ஆயிரம் ஆண்டுக்கு முன்னால் காசு என்ற சொல் கல்லில் ஏறி உட்கார்ந்துவிட்டது. அப்போது ‘கேஷ்’ பிறக்கவே இல்லை.

ஆனால் இங்கேயும் கணக்கைச் சுத்தமாக வைக்கவேண்டும். காசு என்ற இந்தச் சொல்லுக்கும் வடமொழியில் ஓர் எடையைக் குறிக்கும் ‘கர்ஷ’ என்ற சொல்லுக்கும் உறவு உண்டு என்று சொல்லும் அறிஞர்கள் இருக்கிறார்கள். அதையும் மறைக்காமல் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இப்போது கடலுக்கு வருவோம். 1498இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் வந்து இறங்கினார். பின்னாலேயே போர்த்துகீசிய வணிகர்கள் நம் கரைக்கும் வந்தார்கள். சந்தையில் காசு, காசு என்று சனங்கள் பேசுவது காதில் விழுகிறது. போர்த்துகீசிய மொழியில் கைஷா என்று ஒரு சொல் ஏற்கெனவே உண்டு. அதற்கு என்ன பொருள்? பெட்டி! அதே லத்தீன் பெட்டி! நம் காசைத் தங்களுக்குப் பழகிய கைஷா என்ற வாயாலேயே சொன்னார்கள். அவர்களிடமிருந்து இங்கிலீஷ்காரன் வாங்கி, கேஷ் என்று எழுதினான்.

இப்போது புரிகிறதா? இங்கிலீஷில் கேஷ் ஒன்று இல்லை, இரண்டு. ஒரே எழுத்து, ஒரே உச்சரிப்பு. ஒன்று பெட்டி வழியாக வந்த ரொக்கப் பணம். இன்னொன்று நம் காசிலிருந்து வந்த சின்ன நாணயத்தின் பெயர். பெரிய இங்கிலீஷ் அகராதியை எடுத்துப் பாருங்கள், இரண்டுக்கும் தனித்தனி இடம் கொடுத்திருப்பார்கள். நாம் என்ன செய்தோம்? இரண்டாவது கேஷின் ஜாதகத்தை முதலாவது கேஷுக்கு மாட்டிவிட்டோம்.

அந்த இரண்டாவது கேஷ் சாதாரணப் பேர்வழி இல்லை. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி கணக்கு எழுதியது எப்படி? 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். பெருக்கிப் பாருங்கள், ஒரு வராகனுக்கு 3,360 காசு. காசை கேஷ் என்றும், பணத்தை ஃபனம் என்றும் எழுதினார்கள். 1803இலும் 1808இலும் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்து சோஹோ ஆலையில், நீராவி இயந்திரத்தில், நமக்கான செப்புக் காசுகளை அடித்தார்கள். 20 காசு, 10 காசு என்று அதில் இங்கிலீஷிலேயே பொறித்திருந்தது. அந்தக் காசுகளை ஏற்றிக்கொண்டு கிளம்பிய ‘அட்மிரல் கார்டனர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில், இங்கிலாந்துக் கரையைத் தாண்டுமுன்பே புயலில் மணல்திட்டில் சிக்கி மூழ்கியது. 1980களில் அந்தக் காசுகளைக் கடலுக்குள்ளிருந்து வாரி வாரி எடுத்தார்கள். நம் ஊர்ச் சந்தையில் கீரைக்கட்டு வாங்க வேண்டிய காசு, நூற்றெழுபது வருஷத்துக்கு மேல் அந்நியக் கடலின் அடியில் கிடந்திருக்கிறது!

இதோடு நிற்கவில்லை. சீனர்கள் நடுவில் சதுர ஓட்டை போட்ட செப்பு நாணயத்தைக் கயிற்றில் கோத்து வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரன் அதற்கு என்ன பெயர் வைத்தான்? அதற்கும் கேஷ் என்றே வைத்தான். நம் காசின் பெயர் சீனத்து நாணயத்தின் மேலும் ஒட்டிக்கொண்டது. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்ற கணக்கு இருந்தது. புதுக்கோட்டை அம்மன் காசு எங்கள் பாட்டிமார் சுருக்குப்பையில் இருந்தது.

சரி, இந்தப் பக்கம் சென்னையில் இங்கிலீஷ்காரன். அந்தப் பக்கம் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரன். நடுவில் இருந்தது எந்த ஊர்? நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்தக் கடற்கரை! இதோ பக்கத்தில் கோவளம். அங்கே இருந்த கோட்டை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது; 1752இல் ராபர்ட் கிளைவ் வந்து அதைப் பிடித்தார். இரண்டு பேரும் இங்கே வெட்டிக்கொண்டார்கள், குத்திக்கொண்டார்கள். ஆனால் இரண்டு பேர் பையிலும் இருந்தது யார் சொல்? இங்கிலீஷ்காரன் கேஷ், ஃபனம் என்றான். பிரெஞ்சுக்காரன் கஷ், ஃபனோன் என்றான். புதுச்சேரிக் கணக்கில் 20 கஷ் ஒரு துது, 3 துது ஒரு ஃபனோன், 8 ஃபனோன் ஒரு ரூபாய். அது என்ன துது என்கிறீர்களா? நம்ம துட்டு! அந்தத் துட்டும், டச்சுக்காரர்களின் செப்பு நாணயப் பெயரிலிருந்து நமக்கு வந்தது என்பது அறிஞர் கருத்து. டச்சுக்காரர் கோட்டை எங்கே இருக்கிறது? இதே சாலையில் தெற்கே போனால், மாமல்லபுரத்தைத் தாண்டி சதுரங்கப்பட்டினத்தில். புதுச்சேரிச் செப்புக் காசில் ஒரு பக்கம் பிரெஞ்சு மன்னரின் லில்லிப் பூ, மறுபக்கம் தமிழ் எழுத்தில் புதுச்சேரி. சண்டை போட்ட ராஜாக்கள் போய்விட்டார்கள். சொல் இருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை. நம் காசைப் பிரெஞ்சுக்காரர் எந்த எழுத்தில் எழுதினார்களோ, அதே எழுத்தில் அவர்கள் மொழியில் வேறொரு சொல் உண்டு. அதற்கு ‘ஒளித்து வைக்கும் இடம்’ என்று பொருள். நம் வீட்டுத் தாய்மார்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. ஆனாலும் காசு என்றால் அரிசிப்பானைக்குள் ஒளித்து வைப்பது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது பாருங்கள்! (பெண்கள் பக்கம் பலத்த சிரிப்பு)

அடுத்த கேள்வி. இங்கிலீஷில் கேஷ் என்று ஒரே சொல்லில் சொல்வதை இன்றைய பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? கெஸ் என்று சொன்னால் பணம் கட்டும் இடத்துக்குக் கை காட்டுவார்கள். அவர்கள் பெட்டியைப் பெட்டியாகவே வைத்துக்கொண்டார்கள். நம் மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். “கடனா, ரொக்கமா?” என்று கேட்கும் ரொக்கத்துக்கு அவர்கள் சொல் கோந்த்தான். எண்ணி வைத்தது என்று பொருள். செக்கு, கார்டு எதுவும் இல்லாமல் கையில் கொடுக்கும் பணத்துக்கு லிக்கீத். திரவம் என்று பொருள். நாமும் ‘பணம் தண்ணியா ஓடுது’ என்கிறோமே, அதுபோல. பொதுவாகப் பணம் என்பதற்கு அர்ழான். அதன் முதல் பொருள் வெள்ளி. சில்லறைக்கு மொனே. இன்னொன்று, கையிருப்புப் பணத்துக்கு எஸ்பெஸ். ஆக, இங்கிலீஷில் ஒரே சொல், பிரெஞ்சில் இடத்துக்கு ஒரு சொல். மொழிபெயர்ப்பு என்றால் இந்தத் தட்டில் ஒன்று, அந்தத் தட்டில் ஒன்று என்று தராசில் நிறுப்பது இல்லை. எந்தக் கடையில், யாரிடம், எதற்குக் கேட்கிறோம் என்று பார்த்துத்தான் சொல் எடுக்கவேண்டும்.

அந்த எஸ்பெஸ் என்ற சொல்லைக் கொஞ்சம் உரசிப் பாருங்கள், வாசனை வரும். லத்தீனில் ஸ்பீசியெஸ் என்றால் வகை, சரக்கு. அதிலிருந்து பிரெஞ்சில் இரண்டு பிள்ளைகள் பிறந்தன. ஒன்று எஸ்பெஸ், ரொக்கம். இன்னொன்று எபிஸ், அதாவது மிளகு, ஏலம், கிராம்பு போன்ற மசாலாச் சரக்கு. எந்த மிளகைத் தேடி அவர்கள் நம் கரைக்கு வந்தார்களோ, அந்த மிளகின் சகோதரச் சொல்தான் அவர்கள் பையில் இருக்கும் ரொக்கம்! இன்னும் கேளுங்கள். அந்தக் காலத்துப் பிரான்ஸில் வழக்காடுபவர்கள் நீதிபதிக்கு மரியாதையாக வாசனைச் சரக்கு கொண்டுபோய்க் கொடுப்பார்களாம். பிறகு அது கட்டாயப் பணமாக மாறியது. ஆனால் பெயர் மட்டும் எபிஸ் என்றே நின்றது. பிரெஞ்சுப் புரட்சி வந்துதான் அதை ஒழித்தது. நடுவர் அவர்களே, நான் வரும்போது மிளகு எதுவும் கொண்டுவரவில்லை. எதிரணித் தலைவர் பையை மட்டும் ஒருமுறை சோதித்துவிட்டுத் தீர்ப்பு சொல்லுங்கள்! (பலத்த சிரிப்பு)

எதிரணித் தலைவரே, கேஷ் வந்து ரொக்கத்தைத் தின்றது என்று வருத்தப்பட்டீர்களே, அந்த ரொக்கமே வடக்கேயிருந்து வந்த சொல்தானே? அது வந்தபோதும் யாராவது ஒருவர் இதே வருத்தம் பட்டிருப்பார். உங்கள் வீட்டில் காசை எங்கே வைக்கிறீர்கள்? பீரோவில். பீரோ பிரெஞ்சு. அங்கே அதற்கு எழுதும் மேசை, அலுவலகம் என்று பொருள். எதனால் பூட்டுகிறீர்கள்? சாவியால். சாவி போர்த்துகீசியம். பீரோவுக்குப் பக்கத்தில் என்ன? ஜன்னல். அதுவும் போர்த்துகீசியம். பிரெஞ்சுக்காரன் காவலில், போர்த்துகீசியன் பூட்டில், தமிழ்க் காசு பத்திரமாக இருக்கிறது. இதில் எது செலவு, சொல்லுங்கள்? (கைதட்டல்)

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தமிழில் நல்ல சொல் இருக்கும்போது சோம்பலுக்கு இன்னொன்றைப் போட்டுப் பேசுவது வரவு இல்லை. இளநீர்ப் பெரியவரைப் பாருங்கள். கேஷ் வந்தும் அவர் காசை விடவில்லை. போனில் கொடுக்காத பணம் கேஷ், மீதி கொடுக்கும் சில்லறை காசு. இரண்டுக்கும் தனித்தனி வேலை கொடுத்திருக்கிறார். அதுதான் வாங்கத் தெரிந்தவன் வாங்குவது.

இப்போது கடிதத்துக்கு வருகிறேன். இத்தனையும் சேர்த்து எட்டுப் பக்கம் எழுதினேன். முதல் வரியில், “அம்மா, நான் சொன்னது தப்பு. உன்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் என்னைப் பார்த்துத்தான் சிரித்திருக்க வேண்டும்” என்று எழுதினேன். கடைசியில் இன்னொரு செய்தியும் சேர்த்தேன். தமிழில் காசு என்பதற்குக் குற்றம் என்றும் ஒரு பொருள் உண்டு. கம்பர் தம்முடைய அவையடக்கத்தில், இராமனுடைய வெற்றி குற்றமில்லாதது என்று சொல்வதற்குக் காசு என்ற சொல்லைத்தான் எடுக்கிறார். “அம்மா, என் பேச்சில் காசு இருந்தது. நீ கண்டுபிடித்தாய்” என்று எழுதி முடித்தேன்.

பத்து நாளில் ஓர் அஞ்சலட்டை வந்தது. “ஐயா, இந்தக் கதை முன்னாடி சொன்னதைவிட நல்லாருக்கு. அடுத்த வருஷப் போட்டியில இதையே பேசட்டுங்களா?” என்று கேட்டிருந்தார். பேசினார். இரண்டாம் பரிசு வாங்கினார். முதல் பரிசு ஏன் கொடுக்கவில்லை என்று எனக்கு இன்னும் புரியவில்லை. நடுவர்களே எப்போதும் அப்படித்தான்! (சிரிப்பு)

பெரியோர்களே, இந்த முட்டுக்காட்டு முகத்துவாரத்தைப் பாருங்கள். கடல் மணலைக் கொண்டுவந்து போட்டு வாயை அடைக்கும். அடைத்துக்கொண்டால் கழியில் தண்ணீர் தேங்கும், மீன் வரத்து குறையும். வாய் திறந்தால் கடல்நீர் உள்ளே வரும், கழிநீர் வெளியே போகும். இரண்டும் நடந்தால்தான் கழிக்கு உயிர். மொழிக்கும் அப்படித்தான். இந்தக் கரையிலிருந்து கட்டுமரம் என்ற சொல் போய், இங்கிலீஷிலும் பிரெஞ்சிலும் கேட்டமரானாக மிதக்கிறது. காசு போய்ச் சீனத்து நாணயத்துக்குப் பெயரானது. துட்டும் சாவியும் பீரோவும் உள்ளே வந்தன. போனது நமக்குப் பெருமை, வந்தது நமக்கு வரவு.

ஆனால் வரவு செலவு நோட்டில் பொய்க் கணக்கு எழுதாதீர்கள். அடுத்தவன் பெட்டியை நம்முடையது என்று எழுதினால், நாளைக்கு நம் பிள்ளைதான் நாலு பேர் நடுவில் தலைகுனிந்து நிற்கும். தமிழுக்கு இரவல் பெருமை வேண்டியதில்லை. கையிருப்பே ஏராளம். மேடையில் பேசுகிறவன் செல்லாக் காசைக் கொடுக்கக்கூடாது, கேட்கிற நீங்களும் சுண்டிப் பார்க்காமல் வாங்கக்கூடாது.

கடைசியாக ஒரு செய்தி. பிரான்ஸிலிருந்து பெட்டியாக இங்கிலாந்துக்குப் போன அந்தச் சொல், இப்போது கேஷ் என்ற பெயரிலேயே பிரான்ஸுக்குத் திரும்பி வந்திருக்கிறது. அங்கே பேச்சு வழக்கில் ‘கேஷாகப் பேசு’ என்றால், சுற்றி வளைக்காமல், ஒளிக்காமல் உள்ளதை உள்ளபடி சொல் என்று அர்த்தம். நடுவர் அவர்களே, நான் இன்று கேஷாகப் பேசிவிட்டேன். என் அணிக்கு நஷ்டம் வந்தாலும் பரவாயில்லை, எட்டு வருஷக் கடன் ஒன்று தீர்ந்தது.

இவ்வளவு வாங்கியும், இவ்வளவு கொடுத்தும், இன்னும் கையிருப்போடு நிற்கும் என் தமிழுக்கு, கலந்த சொற்கள் வரவே, வரவே என்று கூறி, நல்ல தீர்ப்பை எதிர்பார்த்து விடைபெறுகிறேன். (நீண்ட கைதட்டல்)